பிரஷ்ஷா, ஸ்பிரே கன்னா?

ஹோட்டலுக்குக் கதவுகள் வாங்க வந்த முதலாளியம்மா இரண்டு மாதிரிக் கதவுகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதற்கு வார்னிஷ் அடித்தவர் வைத்ததுதான் இனிப் பட்டறையில் சட்டம். அதுதான் பந்தயம்.

மச்சான் பிரஷ் கட்சி. "மிஷின்ல பீச்சுறதெல்லாம் வார்னிஷா, மாப்ளே? கொசு மருந்து!"

அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை ஸ்பிரே கன் கட்சி. "நீங்க ஒரு கதவை முடிக்கிறதுக்குள்ள அந்த மரம் மறுபடியும் துளிர் விட்டுடும், மச்சான்."

எது யார் வேலை என்று சொல்லாமல் முதலாளியம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, இருவரும் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அடடா! ஒவ்வொரு கோடும் உயிரோட இருக்கே!" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

மச்சான் மீசையை முறுக்கினார். "கை வேலை, மாப்ளே!"

"மேல பனி படர்ந்த மாதிரி என்னா நைசு!"

"அது நம்ம கன்னு," என்று மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எனக்கு எல்லாக் கதவும் இதே மாதிரிதான் வேணும்!"

இருவரும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

இரண்டு கதவுகளும் சீந்துவாரில்லாமல் நின்றன. அம்மா ஆசை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தது மூலையில் கிடந்த பழைய பலகையை. மச்சான் தினமும் பிரஷ்ஷைத் துடைப்பதும், மாப்பிள்ளை கன்னைப் பீச்சிப் பார்ப்பதும் அதில்தான்.

"இது யார் செஞ்சது?"

மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சேர்ந்துதாம்மா. எங்க குடும்ப டிசைன்."

அம்மா முன்பணம் எடுக்கக் காருக்குப் போனதும், மச்சான் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"ஏன் மாப்ளே, அத்தனை கதவையும் எப்படி இந்த மாதிரி அசிங்கம் பண்றது?"