ஒற்றை மிதவை

உயிரின் விலை நாலாயிரத்து எண்ணூறு, பேரம் கிடையாது என்றார் கடைக்காரர் காசிம் பாய். கயிற்றைச் சுண்டினால் காற்றடைத்து ஆளை மிதக்க வைக்கும் உடுப்பு. ததேயுவின் பணம் ஒன்றுக்குத்தான் தேறும். படகில் அவனும் மச்சினன் பெர்க்மான்ஸுமாக இரண்டு பேர்.

“ரெண்டு ஆளைத் தாங்குமா பாய்?”

“பஸ் சீட்டாப்பா இது, நெருங்கி உக்கார? வாரை யாரு அளவுக்கு விடட்டும்?”

ததேயு கூட வந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். கிளாடிஸ் தரையைப் பார்த்தாள்.

“நீங்களே போட்டுக்கிடுங்க.”

“படகுல ஒந்தம்பி மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிட்டீ போடுவேன்?”

“அப்ப அவனுக்குக் குடுங்க.”

“அவனும் எம்மூஞ்சியத்தானே பாக்கணும்.”

வாங்காமல் திரும்பவும் மனம் வரவில்லை. அலுப்போடு பணத்தை நீட்டினான். கடலுக்குப் போகிறவர்கள் இருவர், உடுப்பு ஒன்று, போட்டுக்கொள்ளப் போகிறவர் எவருமில்லை.