முகமும் கையும் போதும்

“செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு. அதுக்குள்ள படம் விழுந்துடணும்” என்றார் வந்தவர். கேமராவை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல.

கேமராக் கடை விற்பனையாளனுக்குச் சோடாபுட்டி என்று பெயர் வைத்தது கடை முதலாளிதான். மூக்குக் கண்ணாடி அத்தனை தடிமன். ஆனால் வருகிறவரை எடைபோடுவதில் அவன் கண் தப்பாது.

“உள்ளரங்க மேட்ச்சா சார்?”

“ஆமா. நாளைக்கு ஃபைனல். என் பொண்ணு ஆடுறா. ஃப்ளாஷ் போடக்கூடாதாம், ஸ்டாண்டும் வைக்கக்கூடாதாம்.”

சோடாபுட்டி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பிள்ளை ஒரு கோப்பை ஜெயித்துவிட்டால் போதும், இந்த அப்பாக்களுக்குத் தலைகால் புரியாது. அவன் கமிஷனே இவர்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப ஜூம் லென்ஸை மறந்துடுங்க சார். ஹால் வெளிச்சத்துல அது தடுமாறும். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்தான் உங்களுக்குச் சரி. இருக்கற வெளிச்சத்தையெல்லாம் அள்ளிக்கும். எவ்வளவு வேகமா ஓடினாலும் ஆளை அப்படியே நிறுத்திடும்.”

“தெரியும். காலம் பூரா பத்திரிகையில விளையாட்டுப் படம்தான் எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் சார் எங்கிட்ட வந்து கேக்கறீங்க?”

“கேமரா மட்டும்தான் என்னோடது. லென்ஸெல்லாம் ஆபீஸோடது. வேலையை விட்டு அனுப்பினப்ப வாங்கி வச்சுக்கிட்டாங்க.” சற்று நிறுத்திவிட்டுக் கசப்போடு சொன்னார். “படம் தெளிவா இல்லையாம். லென்ஸ் பழசாயிடுச்சு, மாத்திக் குடுங்கன்னு சொல்லிப் பாத்தேன். யாரும் காதுல போட்டுக்கல.”

தொழில் தெரிந்தவரிடம் கொஞ்சம் தொழில் பேசலாம் என்று சோடாபுட்டிக்கு ஆசை வந்தது. “கை அசைஞ்சாலும் சமாளிக்கற லென்ஸ் இருக்கு. அது வேணுமா?”

“அதையும் ஆபீஸ்ல போட்டுப் பாத்துட்டேன். பத்தல.”

“பத்தாதுதான். எதிர்ல ஓடறவங்களை அதால நிறுத்த முடியாதே” என்று அவனே ஒத்து ஊதினான். “எங்க உக்காருவீங்க?”

“முதல் வரிசை. பத்தடி இருக்கும்.”

“அவ்வளவு கிட்டவா? அப்ப ஐம்பது எம்எம் போதும் சார். எண்பத்தஞ்சு போட்டீங்கன்னா இடுப்புக்கு மேலதான் தெரியும். தாவி அடிக்கறப்ப கால் வெட்டுப்பட்டுடும்.”

“எண்பத்தஞ்சே எடுங்க. முகமும் கையும் போதும்.”

“விளையாட்டுல காலுதான சார் முக்கியம்?”

“எனக்கு முகமும் கையும் போதும் தம்பி.”

விலை கூடியதைக் கேட்கிறவரிடம் மல்லுக்கு நிற்கச் சோடாபுட்டிக்கு என்ன பைத்தியமா? உள்ளே போய் எண்பத்தைந்தை எடுத்துவந்து கேமராவில் மாட்டிக் கொடுத்தான். மேசை விசிறியின் கம்பியில் ஒரு ரிப்பனைக் கட்டிப் பறக்கவிட்டு, “இதை எடுத்துப் பாருங்க” என்றான்.

முதல் படத்தில் ரிப்பன் கலங்கியிருந்தது. விசிறியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டும் சேர்ந்து கலங்கியிருந்தது. அவசரத்தில் ஃபோகஸ் தப்பியிருக்கும் என்று சோடாபுட்டி நினைத்துக்கொண்டான்.

“லென்ஸை முழுசா திறந்து, ஆயிரத்துல வச்சு அடிங்க சார்.”

இந்த முறை ரிப்பன் அந்தரத்தில் அப்படியே நின்றது. “பாத்தீங்களா, பறந்தது நின்னுடுச்சு” என்று பெருமையாகச் சொன்னான். அவர் ரிப்பனைப் பார்க்கவே இல்லை. விலைச் சீட்டிலிருந்த எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“இதையே குடுத்துடுங்க” என்றார்.

பில் போட்டபடியே சோடாபுட்டி சும்மா இருக்காமல், “உங்க வீட்டுல சுவர் பூரா பொண்ணு படமாத்தான் இருக்கும், இல்ல சார்?” என்று கேட்டுவைத்தான்.

“ஒண்ணுகூட இல்ல. அவ ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் நான் எங்கேயோ யார் பெத்த பிள்ளையையோ எடுத்துட்டிருந்தேன். வரீங்களாப்பான்னு கேட்டுக் கேட்டு, அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா. நாளைய மேட்ச்கூட அவங்கம்மா சொல்லித்தான் தெரியும்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இனிமே இந்தக் கேமராவை எத்தனை நாளைக்குத் தூக்குவேனோ. அதுக்குள்ள அவ படம் ஒண்ணாவது என் கையால தெளிவா விழணும்.”

இவரிடமா கமிஷன் கணக்குப் போட்டோம் என்று சோடாபுட்டிக்கே வெட்கமாக இருந்தது. பரிகாரமாக ஏதாவது செய்யத் தோன்றியது.

“கேமராவைக் குடுங்க சார், செட்டிங்கெல்லாம் நானே போட்டுத் தரேன். ஷட்டில்னா ஆயிரத்துலயே வச்சுடறேன். வாலிபால்னா கொஞ்சம் குறைச்சாலும் போதும், படம் இன்னும் நல்லா வரும். பொண்ணு எது ஆடுறாங்க?”

அவர் தயங்கித் தயங்கிக் கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கைகளைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

மேசைமேலிருந்த லென்ஸ் மூடிகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. தெருவில் லாரி ஏதும் போகிறதா என்று சோடாபுட்டி திரும்பிப் பார்த்தான். தெரு காலியாக இருந்தது.

“குறைச்சுடாதீங்க தம்பி. அவ ஆடுறது செஸ். என் கைதான் நிக்க மாட்டேங்குது.”