புறங்கையில் ஒரு முத்திரை

யாங்கோன், பசுந்தாங் வட்டாரம். கணவன் முரளிதரனுக்கு லுங்கி எடுக்க வந்த கலா, கடைக்காரர் ஷம்சுதீனிடம் போனை நீட்டினாள். படத்தில் முரளியின் புறங்கையில் ஒரு சிவப்பு முத்திரை.

"கொரியாவுல மாகாண ஆளுநர் தேர்தலாம், பாய். இவரும் ஓட்டுப் போட்டுட்டு ஃபேஸ்புக்குல போட்டிருக்கார்."

ஷம்சுதீனும் கொரியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்தான். படத்தையே பார்த்தார்.

"எப்பம்மா வர்றார்?"

"தீபாவளிக்கு. போன வருஷமே வரவேண்டியது, விசாவ நீட்டிட்டாங்களாம். இனிமே இங்கதான். ஆமா, வெளிநாட்டுக்காரங்களுக்கும் அங்க ஓட்டு உண்டா?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அங்கேயே நிரந்தரமாத் தங்க அனுமதி வாங்கி, மூணு வருஷம் ஆனவங்களுக்கு மட்டும் உண்டும்மா."

பிரித்துப் பார்த்த லுங்கியை பழைய மடிப்பிலேயே கலா திரும்ப மடித்தாள்.

"அங்கெல்லாம் லுங்கி கட்டமாட்டாங்க, இல்ல பாய்?"