எதிரே வந்து அமர்ந்தவர்

"கம்பெனி கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியம் ரெண்டு மடங்காயிடுச்சு. நம்மள்ல ஒருத்தரோட ஆஸ்பத்திரிச் செலவுதான் காரணம். இனிமே அதுல அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது" என்றார் மேனேஜர். பெயரைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் எல்லோரும் எல்லோரையும் உற்றுப் பார்த்தார்கள். கணவனுக்கு டயாலிசிஸ் நடப்பதைத் தமயந்தி அங்கே யாரிடமும் சொன்னதில்லை; இன்சூரன்ஸுக்காக ஆபீஸில் பில் கொடுத்ததோடு சரி. "கணக்குப் பிரிவு எட்வின் சார் எப்படி எளச்சுட்டார் பார்த்தியா? அவராத்தான் இருக்கும்" என்றாள் பக்கத்து சீட் கோதை. "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் தமயந்தி. மறுநாள் எட்வினோடு யாரும் உட்காரவில்லை. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு தமயந்தியின் எதிரே வந்து அமர்ந்தார். சாப்பிட்டு முடித்து எழும்போது குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் இப்ப எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார். தமயந்தி, கோதை எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தாள்.