கட்டமாய் வந்த பெயர்

உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் திலகா, மாதா கோயிலின் இறந்தோர் பட்டியலை இணையத்தில் ஏற்றினாள். எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து உடையாத ஃபாண்டாகப் பார்த்துத்தான் போட்டாள். ஆனாலும் சென்டரின் ஐந்து கம்ப்யூட்டரிலும் பெஞ்சமின் பெயர் மட்டும் வெறும் கட்டங்களாகவே வந்தது. மூன்று முறை ஃபாண்டை மாற்றியும் பலனில்லை.

வேலைக்குப் போய்ப் பதினோரு வருடமாகத் திரும்பாத பெஞ்சமினை உறவுக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அவன் தாய் பவளத்துக்குப் படிக்கத் தெரியாது. சென்டருக்கு வந்து மகன் பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"உன் மிசினுக்குத் தெரிஞ்சது எங்க ஜனத்துக்குத் தெரியல பாரு. எம்புள்ள எங்கியோ உசுரோட கீறான். கட்டமாவே வுடும்மா."

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, கட்டங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். திலகா அதன்பிறகு எதையும் தொடவில்லை.

இந்த ஞாயிறு பவளம் ஐந்து திரைகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பெஞ்சமின் பெயரும் சேர்ந்து எல்லாப் பெயர்களும் தெளிவாக இருந்தன.

"கட்டம் எங்கம்மா?" என்றாள்.