லிஃப்ட் ஓரத்து இடம்

கண்ணாடிக்கடைக்காரர் காரின் முன்கண்ணாடியை மெல்லிய துணியால் வட்டவட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி துடைத்துப் பழகிய கை. ஒரு கீற்றுக்கூட விழவில்லை. கொஞ்ச நாளாக வைப்பர் இரண்டும் மேலே தூக்கி நிறுத்தியபடியே இருந்ததால் வேலையும் சுலபமாக நடந்தது.

நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய மாடிவீட்டு அம்மா நின்று பார்த்தார். சொந்த வண்டியை இப்படிக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுகிறவரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் துணியைப் பிழிந்தார்.

அவருடைய சொந்த வண்டி வெளியே தெருவில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. இந்தச் சாம்பல் நிற வண்டி யாருடையதோ. ஆனால் அது நின்ற இடம் அவருடையது. மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு, குடியிருப்போர் சங்கத்தில் மன்றாடி, லிஃப்ட்டை ஒட்டி வாங்கிய இடம்.

வேற்று வண்டி வந்து நின்ற முதல் சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு ஒரு காலையில், டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது என்றே கீழே இறங்கினார். குனிந்தபோது ஞாயிற்றுக்கிழமை போதகர் பேசியது நினைவுக்கு வந்து தொலைத்தது. பகைவனுக்கு நன்மை செய், அது அவன் தலைமேல் நெருப்புத் தணலாகக் குவியும். டயரை விட்டுவிட்டு மேலே போய் வாளியை எடுத்துவந்தார்.

வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பதையும் விடவில்லை. வண்டிக்காரன் எழுந்து வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடுவார். பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்து அவன் கூச வேண்டும், யார் இடம் என்று விசாரிக்க வேண்டும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

யாரும் தட்டவில்லை. சாயங்காலமானால் வண்டி அதே இடத்தில் வந்து நின்றது. அவருக்கு ஜெபத்தில்கூட அலுப்புத் தட்டிவிட்டது. முன்பெல்லாம் அவன் மனதை மாற்றும் ஆண்டவரே என்று தொடங்குவார். இப்போது, இன்னும் எத்தனை வாளி ஆண்டவரே என்றுதான் வாயில் வந்தது.

மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவரை நடந்து, அங்கே வண்டி ஏறித்தான் பிசியோதெரபிக்குப் போய்வந்தாள். இப்படியே நடந்தால் மூட்டு மறுபடி வீங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அன்று வாசல் சரிவில் பாதியிலேயே நின்று, அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் தலைமேல தணல் குவியுதோ இல்லையோ, என் முட்டியில நல்லாவே குவியுது," என்றாள்.

இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார் அவர்.

"ஒருத்தன் தப்பு பண்ணினா தனியாப் போய் அவன்கிட்ட சொல்லுன்னும் அதே வேதத்துலதாங்க இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் உங்க கண்ணாடிக்குத் தெரியலையா?"

அது சபையாருக்குச் சொன்னது என்று சமாளித்தார். வெளியாளிடம் வாயால் சொல்வதைவிட நடந்து காட்டுவதுதான் சாட்சி என்றும் விளக்கினார். அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் முகத்தைப் பார்த்துப் பேச உங்களுக்குப் பயம்."

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை அவர் வாளியைத் தொடவில்லை. கடைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பேச வேண்டியதை லிஃப்ட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, சாம்பல் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தம்பி, இது என் இடம், என் மனைவியால் நடக்க முடியவில்லை. அவ்வளவுதான், கோபமும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

வண்டிக்காரன் சாப்பாட்டுப் பையோடு வந்தான். இத்தனை நாள் அவர் மனதில் வளர்த்து வைத்திருந்த முரட்டு முகம் இல்லை. வயதில் சின்னவன், அவரைப் பார்த்ததும் சிரித்தான். புழுதி படிந்த முன்கண்ணாடியைப் பார்த்தபோது மட்டும் முகம் லேசாக வாடியது.

அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"உங்களுக்கு நிறுத்த இடம் இல்லையா, சார்? அந்த அம்மாவைத் தெருவரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறதைப் பார்த்திருக்கேன். பாவமா இருக்கும்."

மனப்பாடம் பண்ணியதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. பின்வரிசையில் தனக்கு ஒதுக்கிய இடம் சும்மாதான் கிடக்கிறது, தாராளமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் அவன். குடிவந்த புதிதில் அவசரத்துக்குத்தான் இங்கே விட்டானாம். யாராவது கேட்டால் எடுத்துவிடலாம் என்றிருந்தானாம். யாரும் கேட்கவே இல்லையாம்.

சொந்த இடம் இருக்கும்போது தினமும் ஏன் இங்கேயே நிறுத்த வேண்டும் என்று கேட்டார்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிறவன்போல் நெருங்கி வந்தான்.

"அங்க நிறுத்தினா யாரும் கழுவித் தர்றதில்லையே, சார்."