கொடியில் ஒரு துண்டு

மலையேறும் கயிறு ஒன்று பல மாதம் வெளிநாட்டுப் பாறைகளில் தொங்கிவிட்டு ஊர் திரும்பியது. அங்கே ஒருநாள் அதன் எஜமானி பொற்கொடி பிடி தவறி விழுந்தபோது, பாதாளத்துக்குப் போகாமல் தாங்கிக்கொண்டது அதுதான். அன்று கயிற்றைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

பொற்கொடி கயிற்றை அலசி மொட்டைமாடியில் காயக் கட்டினாள். அவள் அம்மா வந்து, அதன்மேல் ஈரத் துண்டு ஒன்றைப் போட்டு கிளிப்பை மாட்டிவிட்டுப் போனாள்.

காற்றில் துண்டு ஆடியதும் கயிறு பதறியது. "கிளிப்பு, கெட்டியாப் பிடிச்சுக்கோ! விழுந்துட்டா?"

"விழுந்தா மறுபடி அலசிப் போடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்பா. வேற என்ன?"

கயிறு வாய்விட்டுச் சிரித்தது. "அப்படின்னா இன்னும் நாலு துணி போடச் சொல்லேன்" என்றபடி, நடுவில் நிம்மதியாகத் தொய்ந்தது.